மோர் ஊற்றியவர்களைக் கடைசியில் எண்ணினார்கள்

ஒட்டுக்கல்பாளையத்தில் மனிதர்களின் நெஞ்சுத் துடிப்பு வெளியே கேட்க ஆரம்பித்தது ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு. மாதத்துக்கு ஒருநாள், முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்து, காலையிலிருந்து சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் கரண்ட்டை நிறுத்திவிட்டுக் கம்பிகளைப் பழுது பார்ப்பார்களே, அந்த நாள். எழுநூறு விசைத்தறியும் ஒன்றாக நின்று, காதுக்குள் தேங்கிக் கிடந்த இரைச்சல் மெதுவாக வடிந்து, கோழி கொக்கரிப்பதும் குழாய் சொட்டுவதும் கேட்கத் தொடங்கியபோது, அவற்றுக்குக் கீழே, யாரோ மரப்பெட்டியை விரலால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் ஒவ்வொரு ஆளின் மார்பிலிருந்தும் வெளியே வந்தது. யாரும் அலறவில்லை. அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான், வானமே இடிந்து விழுந்தாலும் நூல் நனைந்துவிட்டதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

பத்து மணிக்குள் பெண்கள் அடுத்தவர் மார்பில் காதை வைத்த பிள்ளைகளைத் திட்டி முடித்திருந்தார்கள், டீக்கடையில் இரண்டு பேர் யாருடையது சத்தம் அதிகம் என்று பந்தயம் போட்டு முடித்திருந்தார்கள், கம்பத்தின் மேல் உட்கார்ந்திருந்த லைன்மேனிடம் இதை நிறுத்த முடியுமா என்று கேட்டு, "அது எங்க டிபார்ட்மென்ட் இல்லீங்" என்ற பதிலையும் வாங்கி முடித்திருந்தார்கள். ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது, தறிகள் ஓடின, நெஞ்சுகள் மறைந்தன. நடுவில் அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் என்று சொல்லாமல் கரண்ட் போகிற நாட்களில் ஒன்றும் கேட்கவில்லை, அறிவிப்புக் கொடுத்து நிறுத்துகிற நாளில் மட்டும் கேட்டது. ஏன் என்று மூன்றாவது மாதத்துக்கு அப்புறம் யாரும் கேட்கவில்லை.

முதல் மாதத்திலேயே ஊரில் மிக வேகமாகக் கேட்டது சாயப்பட்டறை மாரப்பனுடைய நெஞ்சு. அதற்கு ஒன்பதாம் நாள் மாரப்பன் செத்துப்போனான். ஏழெட்டு மாதமாக அவன் இருமிக்கொண்டிருந்தது யாருக்கும் ஞாபகம் வரவில்லை, சனிக்கிழமை தடதடவென்று அடித்ததுதான் ஞாபகம் வந்தது. இரண்டாவது மாதம் வேகமாகக் கேட்டவர்களில் இன்னொருத்தி போய்ச் சேர்ந்தாள். இரண்டு சாவு போதும், ஒரு ஊர் ஒரு விஷயத்தை நம்புவதற்கு. ஆண்டவன் ஆளுக்கு ஒரு பாவு நூல்தான் கொடுத்து அனுப்பியிருக்கிறான், வேகமாக ஓட்டுகிறவனுக்கு வேகமாகத் தீரும், நிதானமாக ஓட்டுகிறவனுக்கு நிதானமாகத் தீரும் என்று பேசிக்கொண்டார்கள். அப்படியானால் யாருக்கு எவ்வளவு வேகம் என்று எண்ணிப் பார்த்துவிடுவதுதானே முறை என்று நெசவாளர் சங்கத்தில் தீர்மானம் போட்டார்கள்.

எண்ணுவதற்கு ஆள் தேடவேண்டியிருக்கவில்லை. தறி பழுது பார்க்கிற ஜாபர் வேலையில் குழந்தைவேலு இருந்தான். நாற்பது தறி ஓடுகிற கூடத்தின் வாசலில் நின்றுகொண்டே எந்தத் தறியில் பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிற காது அவனுக்கு. நிமிடத்துக்குத் தறி எத்தனை இழை அடிக்கிறது என்று பார்க்க அவன் வைத்திருந்த ஸ்டாப்வாட்ச் கடிகாரத்தையே கழுத்தில் மாட்டிக்கொண்டான். அவனுடைய பெண்டாட்டி தவமணி. முப்பத்தாறு வயது, ஒன்பது வயதில் ஓவியா என்று ஒரு பெண், காலையில் நாலு மணிக்கு எழுந்தால் தறிக்கு நூல் தார் சுற்றுவதும் சோறாக்குவதும் துவைப்பதும் மறுபடி தார் சுற்றுவதுமாக ராத்திரி பத்து மணி வரைக்கும் கீழே உட்காராத உடம்பு. இந்தக் கதை அவளைப் பற்றியதுதான். அவள் நல்லவளா கெட்டவளா என்பதைக் கேட்கிறவர்கள் தாங்களே முடிவு செய்துகொள்ளலாம், எனக்கு அதில் இரண்டு மனது.

எண்ணுகிற இடம் சங்கத்து மண்டபம். கீழே நூல் கிடங்கு, மேலே மண்டபம், நடுவில் முப்பத்திரண்டு படி. கரண்ட் இல்லாத நாள் என்பதால் மோட்டார் ஓடாது, மண்டபத்துக் குழாயில் தண்ணீர் வராது. புழுக்கத்தில் உட்கார்ந்திருக்கிற முந்நூறு பேருக்கும் தெருமுனை அடிபம்பில் அடித்துக் குடத்தில் தூக்கிவந்து, மோர் கலக்கி, வரிசை வரிசையாக ஊற்ற வேண்டும். அதற்குப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள், ஜாபர் வீட்டுப் பெண் என்பதால் தவமணி முதல் குடம். எண்ணுவதற்கும் ஒரு வரிசை இருந்தது. காலையிலேயே வந்து சேரில் சாய்ந்திருக்கிற முதலாளி வீடுகள் முதலில், அப்புறம் பெரியவர்கள், அப்புறம் கடைக்காரர்கள், அப்புறம் தறிக்காரர்கள், எல்லாரையும் எண்ணி முடித்து, குடம் கழுவிக் கவிழ்த்த பிறகு, மோர் ஊற்றிய பெண்கள். பந்தி பரிமாறியவர்கள் கடைசியில் சாப்பிடுவது எந்த ஊரில் இல்லை. யாரும் அதை வரிசை என்றுகூட நினைக்கவில்லை.

அப்படித்தான் பரமசிவ முதலாளிக்கு நாற்பத்தெட்டு என்று வந்தது, மண்டபமே கை தட்டியது, அவர் இன்னும் ஒரு நூற்றாண்டு இருக்கப்போகிறவர் மாதிரி எழுந்து கும்பிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்தே எண்ணுகிற குழந்தைவேலுவுக்கு ஐம்பத்தாறு. தவமணி கடைசிக் குடத்தைக் கவிழ்த்துவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அவன் முன்னால் வந்து உட்கார்ந்தபோது, புருஷன் எண்ணுகிறானே என்கிற கூச்சமும் சேர்ந்துகொண்டது. குழந்தைவேலு கடிகாரத்தை அமுக்கினான், ஒரு நிமிடம் முழுசாக எண்ணினான், தலையைத் தூக்காமல் சொன்னான்.

"தொண்ணூத்தாறு."

குரல் பிசகவில்லை. சொந்தப் பெண்டாட்டி என்றும் பார்க்காமல் சொன்னானே, இவனல்லவா மனுஷன் என்று ஊர் ஆறு மாதம் அவனைப் புகழ்ந்தது. வீட்டுக்கு வந்ததும் அவன் அழுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தவமணி அவனுக்கு ரசம் ஊற்றிக்கொண்டே, "அழாதீங்க, ஆறிப்போயிரும்" என்றாள்.

தொண்ணூறுக்கு மேலே வந்தவர்கள் வீட்டுக் கதவில், சொட்டு மருந்து கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் எழுதுவார்களே, அப்படி சாக்பீஸால் எண்ணை எழுதிவிட்டுப் போனார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, வருகிறவர்கள் தெரிந்துகொண்டு பதமாகப் பேசட்டும் என்றுதான். ஊர் தவமணியிடம் நெம்ப நெம்பப் பதமாகப் பேசியது. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள், "ஐப்பசியிலதானுங்க கல்யாணம், இருந்தா வந்துருங்க" என்றார்கள். ரவிக்கை தைக்கக் கொடுத்தால் டெய்லர் துணியை விரித்துப் பார்த்துவிட்டு, "லைனிங் எதுக்குங்கக்கா, சும்மாவே தச்சுக்கலாமுங்" என்றான். பள்ளிக்கூடத்தில் ஓவியாவின் விண்ணப்பப் பாரத்தில் தாய் பெயரை மட்டும் பென்சிலால் எழுதிக்கொண்டார்கள், அழிக்க வசதியாக. தவமணியின் அண்ணன் குடும்பத்தோடு வந்து, கோழி அடித்துச் சாப்பிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுவிட்டு, கிளம்பும்போது, உன் கிரைண்டர் உனக்கப்புறம் யாருக்கோ போவதற்குப் பதிலாக எங்களுக்கே கொடுத்துவிடேன் என்று கேட்டான். கொடுத்தாள். மறுநாளிலிருந்து ஆட்டுக்கல்லில் ஆட்டினாள், அடுத்த மாதம் எண்ணியபோது தொண்ணூற்றெட்டு வந்தது.

சாவு பயம் என்பது தவமணிக்கு முதலில் வரவில்லை, அதற்கு நேரமில்லை. ஒருநாள் தலைக்கு எண்ணெய் வைத்துவிடும்போது ஓவியா கேட்டாள். "ஏம்மா, நீ போறதுக்கு முன்னால எனக்குச் சடை பின்னச் சொல்லிக் குடுத்துருவியா?" அன்றைக்குத்தான் அவளுக்குப் பயம் வந்தது. பெண்ணுக்குப் பின்னி முடித்துப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, மூன்று கிலோமீட்டர் நடந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாள்.

அங்கே ஆரோக்கியமேரி என்று ஒரு நர்ஸ் இருந்தாள், வெளியூர்க்காரி, பேச்சில் மரியாதை குறைச்சல், கையில் பரிவு அதிகம். தவமணியின் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினாள்.

"தொண்ணூத்தி அஞ்சு. நடந்தா வந்தே?"

"ஆமாங்."

"உக்காரு. பேசாதே. எதையும் நினைக்காதே."

பத்து நிமிடம் கழித்து வந்து மறுபடி எண்ணினாள். எழுபத்திரண்டு. தவமணி அந்த மர பெஞ்சை ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

"ஓய்வா இருக்கறப்ப நெஞ்சு வேகமா அடிச்சா, அப்படிப்பட்டவங்க கொஞ்சம் முன்னாடி போறாங்கன்னு பெரிய பெரிய கணக்கெல்லாம் இருக்கு, நான் இல்லேங்கல" என்றாள் ஆரோக்கியமேரி. "ஆயிரம் பேரைச் சேத்துப் பாத்துச் சொல்ற கணக்கு அது, உனக்குத் தேதி குறிக்கற கணக்கு இல்ல. அதுவும் ஓய்வுல எண்ணணும். நீ எப்பம்மா ஓஞ்சே?"

தவமணி யோசித்துப் பார்த்தாள். ஓவியா பிறந்தபோது பதினோரு நாள் என்று சொன்னாள்.

அன்றைக்கே புருஷனிடம் சொன்னாள், ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். குழந்தைவேலு கவனமாகத்தான் கேட்டான். காது நல்ல காது, ஆனால் அதற்கும் மூளைக்கும் நடுவில் முப்பத்திரண்டு படி. "தறிய நிறுத்திப்போட்டு ஆராச்சும் வேகம் பாப்பாங்களா புள்ளே?" என்றான். "ஓடறப்ப என்ன ஓடுதோ அதான அதோட வேகம்? முதலாளிக்கு ஓடறதே அவ்வளவுதான். உனக்கு ஓடறது இவ்வளவு. நா என்ன பண்ணட்டும், சொல்லு."

அடுத்த மாதம் மண்டபத்தில், முதல் வரிசையை எண்ணத் தொடங்குவதற்கு முன்னால், தவமணி குடத்தை இறக்கி வைத்துவிட்டு நடுவில் வந்து நின்றாள். அவ்வளவு பேர் முன்னால் அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

"என்னைய மொதல்ல எண்ணுங்க. சித்தெ நேரம் உக்காந்துட்டு எண்ணுனா எனக்குக் கொறையுதுங். நர்சம்மா சொன்னாங்க. மோர் ஊத்தற எல்லாத்தையுமே மொதல்ல எண்ணுங்க."

மண்டபம் அமைதியாகக் கேட்டது. அவள் நெஞ்சு அடிப்பது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. பரமசிவ முதலாளி கெட்டவர் இல்லை, நிஜமாகவே விளங்காமல்தான் கேட்டார்.

"அது செரி அம்மணி. அப்ப மோர் ஆரு ஊத்தறது?"

மண்டபம் சிரித்தது. மோர் ஊற்றுகிற பெண்களும் சிரித்தார்கள், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அன்றைக்கு அவளுக்கு நூற்றொன்று.

அதே மாதத்தில்தான் பரமசிவ முதலாளி குளியலறையில் விழுந்து செத்தார். நாற்பத்தெட்டே துடிப்பு உள்ளவர், சாக மாட்டார் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தவர், கையில் சோப்போடு போனார். வேறு ஊராக இருந்தால் அன்றைக்கே கடிகாரத்தைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருப்பார்கள். இந்த ஊர் மூன்று நாள் கூடி யோசித்து, முதலாளிக்கு நெருக்கத்தில் நின்று பேசிய நூற்றொன்றின் வேகம் அவர்மேல் ஒட்டிவிட்டது என்று கண்டுபிடித்தது. கணக்கு தப்பாது, ஆள்தான் தப்பு. அப்புறம் தொண்ணூறுக்கு மேலே உள்ளவர்கள் மண்டபத்துக்குள் நிற்கக்கூடாது, படிக்கட்டிலேயே இருக்க வேண்டும், மோர் ஊற்ற மட்டும் உள்ளே வரலாம் என்று முடிவாயிற்று.

இப்போது மாத்தாள் வழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தறியில் ஓர் ஆள் வேலையை விட்டு நிற்கப்போகிறான் என்றால், பதினைந்து நாள் முன்னாலேயே மாத்தாளைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் நிறுத்திவிடுவார்கள், நூல் அறுந்தால் எப்படி முடிச்சுப் போடுவது, எந்த இடத்தில் தறி சண்டித்தனம் பண்ணும் என்று பழையவன் புதியவனுக்குக் கைகாட்டிவிட்டுப் போவான், தறி ஒருநாள்கூட நிற்காது. தறிக்கு இருக்கிற வசதி வீட்டுக்கு ஏன் இருக்கக்கூடாது என்று யாருக்கோ தோன்றியது. நூற்றுக்கு மேலே போன பெண்கள் இருக்கிற வீட்டுக்கு, அவர்கள் இருக்கும்போதே, அவர்களுக்கு அப்புறம் வரப்போகிறவளைச் சங்கமே பார்த்துக் கொண்டுவந்து விட்டது. எப்போதுமே ஏழைப்பட்ட பெண், எப்போதுமே எழுபதுக்குக் கீழே. பழையவள் கண்மூடிய பதினேழாம் நாள் தாலி. அதுவரைக்கும் தங்கச்சி மாதிரி இருந்து எல்லாம் பழகிக்கொள்ள வேண்டியது. குழந்தைவேலு வேண்டாம் என்றுதான் சொன்னான், இரண்டு தடவை சொன்னான். மூன்றாவது தடவை கேட்டபோது எந்த ஊர்ப் பெண் என்று கேட்டான்.

அடுத்த கரண்ட் நிற்கிற சனிக்கிழமை கோகிலா வந்தாள். இருபத்திரண்டு வயது, தாய் தகப்பன் இல்லை, நூற்பாலை விடுதியிலிருந்து மாமன் கூட்டிவந்து, ஒரு கட்டைப்பையோடு விட்டுவிட்டுப் போனான். நாலு மணி நேரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவளை நேராக மண்டபத்துக்குக் கொண்டுபோய் எண்ணினார்கள், அறுபத்தி நாலு. தவமணி அவளுக்கு உப்பு ஜாடியைக் காட்டினாள், குழந்தைவேலுவுக்குக் கத்தரிக்காய் ஆகாது என்றாள், ஓவியாவுக்கு இடது வகிடு என்றாள், தார் மிஷினில் மூன்றாவது கதிர் மட்டும் இழுக்கும் என்றாள். வெறுக்கத்தான் தயாராக இருந்தாள். ஆனால் அந்தப் பெண் எல்லாவற்றுக்கும், "செரிங்கக்கா" என்றது, சொன்னதும் எழுந்து ஓடியது, நாலாம் நாள் காலையில் தவமணி கண் விழித்தபோது வாசல் தெளித்திருந்தது, அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, டீ ஆறிப்போகாமல் தட்டால் மூடியிருந்தது. கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் அவளுக்கு யாரும் டீ போட்டு மூடிவைத்ததில்லை.

போகப்போகிறவள் என்பதால் தவமணியை யாரும் வேலை செய்யச் சொல்லவில்லை. உட்கார்ந்தாள். ஜன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து, மத்தியான வெயில் எதிர்ச்சுவரில் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்தாள், ஒரு வேர்க்கடலையைத் தோலுரித்து இரண்டாகப் பிளந்து நிதானமாகத் தின்றாள். சந்தோஷமாக இருந்தது. இரண்டு நாள் அதற்கு வெட்கப்பட்டாள், மூன்றாவது நாளிலிருந்து வெட்கமும் இல்லை. அந்த மாதம் தொண்ணூற்று நாலு, அடுத்த மாதம் எண்பத்து மூன்று, அதற்கடுத்த மாதம் அறுபத்தெட்டு. படிக்கட்டிலிருந்து உள்ளே கூப்பிட்டார்கள். சேர் போட்டார்கள். கதவிலிருந்த சாக்பீஸ் எண்ணைக் குழந்தைவேலுவே ஈரத்துணியால் துடைத்தான், துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தான், அவளுக்கு அவன்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

தவமணியின் துடிப்பு இறங்க இறங்கக் கோகிலாவின் துடிப்பு ஏறியது. எழுபத்தொன்பது, எண்பத்தெட்டு, தொண்ணூற்றைந்து. அந்த வீட்டு வேகம் ஆள் மாறி ஒட்டிக்கொண்டது என்று ஊர் சொல்லிவிட்டு, படிக்கட்டில் அவளுக்கு இடம் காட்டியது. தவமணிக்குக் காரணம் தெரியும். ஊரில் அவளுக்கு மட்டும்தான் நிச்சயமாகத் தெரியும். ஒருமுறை சொல்லிச் சிரிப்பு வாங்கியாயிற்றே, இன்னொரு தடவை எதற்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், சேரை நிழல் போகிற பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

நூல் மூட்டை ஏற்றி வருகிற லாரி டிரைவர் ஒருவன் இருந்தான், யுவராஜ் என்று பெயர், கிடங்கு வாசலில் கோகிலா குடம் தூக்குவதை மூன்று மாதமாகப் பார்த்திருக்கிறான். தாயைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்டு வந்தான். தவமணி பிழைத்துவிட்டபடியால் மாத்தாளை வைத்துக்கொள்ள இனி அந்த வீட்டுக்கு அவசியம் இல்லை, நல்ல இடமாக வந்தால் விட்டுவிடலாம் என்று சங்கமும் சொன்னது. டிரைவரின் தாய் சாந்தமான பொம்பளை, பெயர் ராஜேசுவரி. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எனக்கிருக்கறது ஒரே பையனுங். எண்பதுக்குக் கீழ இருந்தாப் போதுமுங். வர்ற சனிக்கெழம நானே வந்து கேட்டுக்கறனுங்."

அன்று சாயங்காலம் கோகிலா தவமணியின் சேருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் சும்மா உட்கார்ந்து தவமணி பார்த்ததில்லை.

"அக்கா, ஒண்ணு கேட்டா வையமாட்டீங்களே?"

"கேளு கண்ணு."

"மில்லு ஆஸ்டல்ல நா படுத்துக் கெடக்கறப்ப என்ற நெஞ்சு மெதுவாத்தானுங்க்கா அடிச்சுது. இங்க தண்ணி தூக்கிப்போட்டு வந்து நிக்கறப்பதான் இப்படி. எனக்குத் தெரியுதுங்க்கா." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அன்னிக்கு ஒருநாள் மட்டும், உங்களை எண்ணி முடிச்சதுக்கப்புறம், மிச்ச மோரை நீங்க ஊத்தறீங்களா? நா சித்தெ உக்காந்துக்கறேன். அந்த ஒருநாள் மட்டும் போதுமுங்க்கா. அவரு நல்லவருங். சொந்தமா ஒரு வீடுன்னு எனக்கு எங்கயுமே இருந்ததில்லீங்."

"செரி அம்மணி" என்றாள் தவமணி. "நா ஊத்தறேன்." சொன்னபோது நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள். அந்தப் பெண்ணின் தலையைத் தடவினாள், தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது, எடுத்துவிட்டாள்.

அதற்கப்புறம் இருந்த ஆறு நாளில் அவள் வேறொன்றை யோசித்துவிட்டாள். கோகிலா போய்விட்டால் வாசல் தெளிப்பது யார். அறுபத்தெட்டு இருக்கிற வீட்டுக்கு மாத்தாள் கிடையாது. நாலு மணி, அடுப்பு, தார், துவைகல், ஆட்டுக்கல், முப்பத்திரண்டு படி. ஒரே மாதத்தில் எண்பத்தைந்து, இரண்டாவது மாதத்தில் தொண்ணூற்றைந்து, கதவில் சாக்பீஸ், பள்ளிக்கூடத்தில் பென்சில், இருந்தா வந்துருங்க. இந்தத் தடவை வருகிற மாத்தாள் எப்படிப்பட்டவளோ. ஓவியா இந்தத் தடவை என்ன கேட்பாளோ. அதே கோகிலாவுக்கு இந்தச் சனிக்கிழமையும் தொண்ணூறு தாண்டினால் அவளை எந்த வீடும் எடுக்காது, ஒரு வேளைச் சோற்றுக்கு இங்கேயேதான் கிடப்பாள். யோசிக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே இதையெல்லாம் யோசித்தாள், வேர்க்கடலை தின்றுகொண்டே யோசித்தாள்.

சனிக்கிழமை வந்தது. தறிகள் நின்றன, நெஞ்சுகள் கேட்டன. ராஜேசுவரியை மரியாதைக்கு முன் வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள், யுவராஜ் ஜன்னல் பக்கம் நின்றிருந்தான். தவமணியை எண்ணினார்கள், அறுபத்தாறு. "பாத்தியா, இன்னும் கொறஞ்சிருக்குது" என்று பக்கத்தில் இருந்தவர்கள் சந்தோஷப்பட்டார்கள். அவள் எழுந்திருக்க வேண்டிய நேரம் அதுதான். குடத்தோடு படியேறி வந்த கோகிலா அவளைப் பார்த்தாள். தவமணி சேரின் இரண்டு கைப்பிடியையும் பிடித்தாள். எழுந்திருப்பதற்காகத்தான் பிடித்தாள். அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோகிலா இரண்டாம் வரிசைக்கு ஊற்றினாள், பார்த்தாள், மூன்றாம் வரிசைக்கு ஊற்றினாள், பார்த்தாள், ஏழாம் வரிசைக்கு வந்தபோது பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

எல்லாரையும் எண்ணி முடித்து, படிக்கட்டிலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். வந்து குழந்தைவேலு முன்னால் உட்கார்ந்தாள். அவள் நெஞ்சு தடதடவென்று மண்டபம் முழுவதும் அடித்தது, எண்ணவே வேண்டியதில்லை. குழந்தைவேலு கடிகாரத்தை எடுத்தான். அப்போது ராஜேசுவரி கையைத் தூக்கினாள்.

"ஏனுங்க, புள்ளைக்கு மூச்சு வாங்குதுங். சித்தெ இருங். ஒரு பத்து நிமிசம் உக்காரட்டும், அப்புறம் எண்ணலாமுங். எனக்கொண்ணும் அவசரமில்லீங்."

வெளியூர்ப் பொம்பளை, விருந்தாளி, மாட்டேன் என்று எப்படிச் சொல்வது. குழந்தைவேலு சங்கத்துப் பெரியவர்களைப் பார்த்தான், அவர்கள் சரி என்று தலையாட்டினார்கள். மண்டபம் காத்திருந்தது. கோகிலா கண்ணை மூடிக்கொண்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், வியர்வை காய்ந்தது, நெஞ்சு இறங்கியது. அந்த ஊர் ஒருநாளும் கேட்டிராத சத்தம் அது, ஒரு நெஞ்சு ஓய்வதன் சத்தம். நூறிலிருந்து தொண்ணூறு, தொண்ணூறிலிருந்து எண்பத்தைந்து. குழந்தைவேலு வாயைத் திறந்துகொண்டு கேட்டான், அவன் முகத்தில் ஏதோ புரிய ஆரம்பித்தது. ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. எண்பத்து மூன்று. எண்பத்தொன்று. யுவராஜ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினான்.

"அம்மணி" என்றாள் தவமணி.

கோகிலா கண்ணைத் திறந்தாள்.

"எனக்குக் குடிக்கத் தண்ணி வேணும் கண்ணு. குடத்துத் தண்ணி சூடாயிருச்சு. பம்புல புதுசா அடிச்சு ஒரு சொம்பு கொண்டா. நெஞ்சு அடைக்கறாப்பல இருக்குது, சுருக்கா போ."

பிழைத்து வந்தவள் கேட்கிறாள், அந்த வீட்டுச் சோற்றைத் தின்கிற பெண் எப்படி மாட்டேன் என்பாள். வேறு யாராவது போகட்டுமே என்று சொல்ல அந்த முந்நூறு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கோகிலா ஒரு நொடி அவளையே பார்த்தாள். அப்புறம் எழுந்து ஓடினாள். முப்பத்திரண்டு படி இறங்குவது கேட்டது, தெருமுனையில் பம்பு அடிப்பது கேட்டது, முப்பத்திரண்டு படி ஏறுவது கேட்டது. சொம்பைத் தவமணி கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தாள். பத்து நிமிடம் முடிந்திருந்தது. சொன்ன நேரம் சொன்ன நேரம்தானே, குழந்தைவேலு கடிகாரத்தை அமுக்கினான், எண்ணினான், தலையைத் தூக்காமல் சொன்னான்.

"நூத்திப் பன்னண்டு."

ராஜேசுவரி எழுந்து, கோகிலாவின் கன்னத்தைத் தொட்டு, "உடம்பப் பாத்துக்க சாமி" என்று சொல்லிவிட்டு, மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். தவமணி சொம்பை அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரைக்கும் நிதானமாகக் குடித்தாள். குடிக்கும்போது அவள் நெஞ்சு ஒரு துடிப்புக்கூடக் கூடாமல், ஒரு துடிப்புக்கூடக் குறையாமல், அதே அறுபத்தாறில் சீராக அடித்ததை மண்டபம் முழுவதும் கேட்டது. நல்ல நெஞ்சு, இது நெம்ப நாளைக்கு இருக்கும் என்று பின் வரிசையில் பேசிக்கொண்டார்கள்.